டிவியில் நடிக்கும் குழந்தையின் 20 சதவீதம் எங்கே போகிறது?

சீரியலில் பேத்தியாக வரும் ஆறு வயதுப் பாப்பா, பாட்டுப் போட்டியில் அரையிறுதி வரை போன பத்து வயதுப் பையன், எண்ணெய் விளம்பரத்தில் பூரியைக் கடித்துக்கொண்டு சிரிக்கும் குழந்தை. இவர்கள் சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதம் நேராகக் குழந்தை பெயரில் வங்கி வைப்பு நிதியில் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. பெற்றோரிடம் இதைச் சொன்னால் பெரும்பாலும் "அப்படியா?" என்கிறார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர்கள் அப்படிக் கேட்பதில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சட்டப் பின்னணி இவ்வளவுதான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று ஆனது. அதில் விட்ட இரண்டு விலக்குகளில் ஒன்று கலைஞராக வரும் குழந்தை. அந்த விலக்குக்கான நிபந்தனைகள் 2017 ஜூனில் வந்த விதிகளில் 2சி என்ற எண்ணில் இருக்கின்றன. நிபந்தனைகளை மீறினால் விலக்கு போய்விடும். அப்புறம் அது குழந்தைத் தொழிலாளர் வழக்குதான்: ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

முதல் சிக்கல், "இது வேலையே இல்லைங்க, போட்டிதானே" என்ற பேச்சு. ரியாலிட்டி ஷோவுக்குக் குழந்தையைக் கூட்டிப் போகிறவர்கள் இதை நம்பிவிடுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. சீரியல், ரியாலிட்டி ஷோ, வினாடி வினா, திறமைப் போட்டி, வானொலி, நிகழ்ச்சித் தொகுப்பாளராக நிற்பது என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். பொழுதுபோக்காகச் செய்தாலும் தொழிலாகச் செய்தாலும் குழந்தை கலைஞர்தான் என்கிறது சட்டம். ஆகவே சம்பளம் கிடையாது, பரிசு மட்டும்தான் என்றாலும் அனுமதி, நேர வரம்பு, பாதுகாப்புப் பொறுப்பாளர் எல்லாம் உங்கள் குழந்தைக்கு உண்டு. பணம் வராத இடத்தில் 20 சதவீதம் பூஜ்யம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது வயது. 2சி விதி பேசுவது 14 வயது நிறையாத குழந்தைகளைப் பற்றி. 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்று தனியாக வைக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த 20 சதவீதத்தை இந்த விதியைக் காட்டிக் கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் நீங்களே எழுதி வாங்கினால்தான் உண்டு. ஆனால் அவளுக்கு அதே சட்டத்தில் வேறு பாதுகாப்பு இருக்கிறது: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு, ஓய்வையும் காத்திருப்பையும் சேர்த்து மொத்தம் ஆறு மணி நேரம், இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது, ஓவர்டைம் கூடாது. பெரிய பெண்தானே என்று இரவு பதினொரு மணி வரை மேக்கப்போடு உட்கார வைப்பது இதனால்தான் தவறு.

இப்போது அனுமதிக்கு வருவோம். அலைச்சலே இங்கேதான் ஆரம்பம். தயாரிப்பாளர் படப்பிடிப்பைத் தொடங்கும் முன் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். படிவம் சி என்ற உறுதிமொழி, கலந்துகொள்ளும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆளின் பெயர் எல்லாம் கொடுக்க வேண்டும். ஐந்து குழந்தைக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். அந்த உறுதிமொழி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். இரண்டு வருடம் ஓடும் சீரியலுக்கு முதல் வாரம் கொடுத்த காகிதத்தையே காட்டிக்கொண்டிருந்தால் அது செல்லாக் காகிதம்.

எந்த ஆட்சியர்? குழந்தை வசிக்கும் மாவட்டம் கணக்கில் வராது, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டம்தான் கணக்கு. சென்னையில் ஷூட்டிங் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்டுடியோ பூந்தமல்லியில் இருந்தால் அது திருவள்ளூர் மாவட்டம். ஐதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி என்றால் தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டம். திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம் அனுமதி பற்றி விசாரிக்கச் சென்னை கலெக்டர் ஆபீஸில் போய் நின்றால், இது எங்களுடையது இல்லை என்ற ஒரு வரியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்பும் புண்ணியவான் எல்லா நாளும் சீட்டில் இருப்பதில்லை. சரியான மாவட்டத்துக்கே போனாலும் தொழிலாளர் துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வருவாய்ப் பிரிவு என்று ஒரு சுற்று காத்திருக்கும். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கை காட்டும். விதியில் இருக்கும் சொல் மாவட்ட நடுவர், அதாவது ஆட்சியர். மனுவை அவர் பெயருக்கே எழுதுங்கள். எந்தப் பிரிவு பார்ப்பது என்பது அவர்கள் வீட்டுப் பிரச்சினை.

ஆட்சியர் அனுமதியை நீங்கள் வாங்கத் தேவையில்லை, அது தயாரிப்பாளரின் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் நாள் கேமரா முன் குழந்தை நிற்பதற்கு முன்னால், அனுமதி நகலையும் படிவம் சி நகலையும் வாட்ஸ்அப்பிலாவது கேட்டு வாங்குங்கள். நாலு எபிசோடு எடுத்த பிறகு கேட்டால், பாப்பா கதையில் வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். முன்னால் கேட்டால் முணுமுணுப்பார்கள், தருவார்கள், அல்லது தராத இடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சம்மதப் படிவம் என்று வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். நிகழ்ச்சிப் பெயர், தேதிகள், இடம், தொகை நிரப்பிய பிறகு கையெழுத்து, கையெழுத்துக்குப் பிறகு செல்போனில் ஒரு படம்.

படப்பிடிப்பு முடிந்துபோய்விட்டது, நகல் தர மறுக்கிறார்கள் என்றால் தகவல் அறியும் உரிமை மனு போடலாம். அந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இன்ன தேதிகளில் இன்ன இடத்தில் இன்ன நிறுவனம் நடத்திய படப்பிடிப்புக்கு 2சி விதியின்படி வழங்கிய அனுமதியின் நகல், படிவம் சி நகல், அதில் என் குழந்தை குறித்த பதிவு" என்று மட்டும் கேளுங்கள். எல்லாக் குழந்தைகளின் பட்டியலையும் கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று சொல்லி மனுவையே ஒதுக்க வழி கிடைத்துவிடும். 30 நாளில் பதில் வர வேண்டும். அப்படி ஆவணமே இல்லை என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். உங்கள் புகாருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நேர வரம்பு: 14-க்குக் கீழே ஒரு நாளில் 5 மணி நேரம், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. செட்டில் 5 மணி நேரம் என்றால் கேமரா ஓடிய நேரம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். காலை ஏழு மணி கால்ஷீட், மேக்கப், லைட்டிங், பெரிய நடிகருக்காகக் காத்திருப்பு, மதியம் இரண்டு மணிக்கு முதல் ஷாட். வளரிளம் பருவத்தினருக்குக் காத்திருப்பும் கணக்கு என்று தெளிவாக எழுதிய சட்டம், சின்னக் குழந்தைகளுக்கான விதியில் அதை எழுதாமல் விட்டிருக்கிறது. யார் எழுதினார்களோ, ஒரு நாள் செட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். அதனால் ஆதாரம் உங்கள் கையில் இருக்கட்டும். போய் இறங்கியதும் "வந்துவிட்டோம்" என்று மேனேஜருக்கு ஒரு மெசேஜ், பேக்கப் ஆனதும் "கிளம்புகிறோம்" என்று ஒரு மெசேஜ். சண்டை வேண்டாம், நேரம் தானாகப் பதிவாகிவிடும். 28-வது நாள் ஒரு நாள் லீவு விட்டு மறுபடி 27 நாள் எடுப்பதும் நடக்கிறது. எழுத்துப்படி அதைத் தடுக்க முடியாது. ஆனால் பாடம் விட்டுப்போகாமல் படிப்புக்கு ஏற்பாடு செய்வதும் அதே விதியில் உள்ள கடமை, அதைப் பிடித்துக் கேளுங்கள். பள்ளியில் வருகைப் பதிவு குறைந்தால் சேனல் கடிதம் எதையும் காப்பாற்றாது.

இனி பணம். 20 சதவீதத்தைத் தயாரிப்பாளர் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் உள்ள நிலையான வைப்புக் கணக்கில் நேரடியாகப் போட வேண்டும். நடைமுறையில் கேட்கும் வசனம்: "முழுசா உங்க அக்கவுண்ட்ல போட்டுடறோம், நீங்களே எஃப்.டி. போட்டுக்குங்க." ஒப்புக்கொண்டால் அந்த 20 சதவீதத்துக்கு யாரும் பொறுப்பில்லை. வீட்டு வாடகை, தங்கைக்கு ஃபீஸ் என்று கரைந்துபோகும். பெற்றோரைக் குறை சொல்லவில்லை, கையில் இருக்கும் பணம் செலவாகத்தான் செய்யும். இன்னொரு வசனம், இந்தத் தனியார் வங்கியில்தான் எங்களுக்கு டை-அப் என்பது. விதியில் அப்படி இல்லை.

20 சதவீதம் எதில் என்பதையும் பாருங்கள். குழந்தையின் வருமானத்தில். கோஆர்டினேட்டர் கமிஷன், காஸ்ட்யூம், பயணச் செலவு எல்லாம் கழித்த மிச்சத்தில் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். வவுச்சரில் எழுதும் தொகை எவ்வளவு, உங்கள் கையில் வந்தது எவ்வளவு என்று ஒப்பிடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வவுச்சரில் பத்தாயிரம், கையில் ஆறாயிரம் என்றால் வித்தியாசத்துக்கும் நீங்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

இதற்காகவே குழந்தைக்கு பான் எண் வாங்கிவிடுங்கள். மைனருக்கும் கிடைக்கும், பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். பான் இல்லாவிட்டால் வரிப் பிடித்தம் 20 சதவீதத்துக்குப் போய்விடும். அதைவிட மோசம், அப்பாவின் பான் எண்ணைக் கொடுப்பது. குழந்தை தன் திறமையால் சம்பாதிப்பது குழந்தையின் வருமானமாகவே கணக்கிடப்படும், அப்பா சம்பளத்தோடு சேராது. அப்பா பான் எண்ணில் ஏறிவிட்டால், அவர் சம்பளத்தோடு சேர்ந்து வரி கேட்டு நோட்டீஸ் வரும். அதைச் சரிசெய்ய, பணம் கொடுத்த நிறுவனம் தன் கணக்கைத் திருத்த வேண்டும். நிகழ்ச்சி முடிந்த பிறகு அந்த நிறுவனத்தில் போனை எடுப்பவர் யார்? ஒரு விதிவிலக்கு: வைப்பு நிதிக்கு வரும் வட்டி மட்டும் பெற்றோர் வருமானத்தோடு சேரும். அதை உங்கள் ரிட்டர்னில் காட்டிவிடுங்கள்.

வைப்பு ரசீதை நீங்கள் வைத்திருங்கள். வங்கிகள் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஒரே வைப்பாக வாங்குவதில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு 18 ஆவதற்குள் அது முதிர்ந்துவிடும். தானாகப் புதுப்பிக்கும்படி முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

ஒப்பந்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால்தான் கையெழுத்தை உங்களிடம் வாங்குகிறார்கள். "நிகழ்ச்சியிலிருந்து பாதியில் விலகினால் இவ்வளவு நஷ்ட ஈடு", "இத்தனை வருடம் வேறு சேனலில் தோன்றக் கூடாது" என்ற வரிகள் உங்கள் பெயரில் நிற்கும். குழந்தையின் விருப்பமில்லாமல் அவளைப் பங்கேற்க வைக்கக் கூடாது என்பதும் 2சி விதியில் இருக்கிறது. அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: குழந்தைக்கு விருப்பமில்லை என்றால் நஷ்ட ஈடில்லாமல் விலகலாம் என்று. ஆடிஷனுக்கே பணம் கேட்கிறவர்களிடம் இதெல்லாம் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

புகார் கொடுப்பதாக இருந்தால் கேட்கப்போகும் முதல் மிரட்டல்: "உங்க மேலயும் கேஸ் வரும்." இதில் பாதி உண்மை. வணிக நோக்கத்துக்காகச் சட்டத்தை மீறிக் குழந்தையை அனுப்பிய பெற்றோரைச் சட்டம் முழுதாக விட்டுவிடவில்லை. ஆகவே மனுவில், அனுமதி இருப்பதாகச் சொல்லி எங்களை நம்பவைத்தார்கள், நகல் கேட்டோம், தரவில்லை என்பதைத் தேதியோடு எழுதுங்கள். நீங்கள் நகல் கேட்டு அனுப்பிய அந்த வாட்ஸ்அப் மெசேஜ் இங்கேதான் உதவும்.

குழந்தைக்கு உடனடி ஆபத்து, அடி, தகாத தொடுதல் என்றால் காகிதம் எழுதிக்கொண்டிருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். பணம், நேரம், அனுமதி தொடர்பானது என்றால் குழந்தைத் தொழிலாளர் புகார்களுக்கான மத்திய அரசின் பென்சில் (PENCIL) இணையதளத்தில் பதியலாம், கூடவே திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். இணையத்தில் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அது வேறு துறைக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். மனுவோடு கால்ஷீட் மெசேஜ்கள், வவுச்சர் நகல், குழந்தையின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்குப் பக்கம், தகவல் உரிமைப் பதில் இருந்தால் அது, எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள். அசல் எதையும் கொடுக்காதீர்கள். மனு எண் எழுதிய ஒப்புகைச் சீட்டு கையில் வரும்வரை கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள், அடுத்த வாரம் போகும்போது "அப்படி எதுவும் வரலையே" என்பார்கள்.