அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்யும் முன் கொஞ்சம் கவனியுங்கள்

கலியாணமோ சாமத்திய வீடோ முடிந்து சில நாட்களில் வீட்டுக்காரரின் கைக்கு ஒரு பென் டிரைவ் போய்ச் சேரும். உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். “அல்பத்துக்கு நூற்றிருபது தெரிவுசெய்து தாங்கோ” என்று, திருகோணமலையில் ஸ்டூடியோ நடத்தும் எங்களைப் போன்றவர்கள் சொல்லிவிடுவோம். பிறகு வட்ஸ்அப் நிறையத் தொடங்கும். கணினித் திரையைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்து அனுப்பி, “தம்பி, மாமி சிரிக்கிற இந்தப் படம்” என்று குரல் பதிவும் போடுவார்கள். மாமி அன்று நாள் முழுக்கச் சிரித்தவா. இலக்கம் தெரியாமல் அது எந்தப் படம் என்று தேடுவது எங்கள் பாடு.

அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. பழைய லப்டொப்பில், விண்டோஸோடு வரும் செயலியில், ஒவ்வொரு படமும் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். முந்நூறாவது படத்தில் பொறுமை போய்விடும். அல்பம் அடுக்கும்போது இதை நன்றாகக் காணலாம். தாலி கட்டும்வரை படங்கள் குவிந்து கிடக்கும். மாலையில் உப்புவெளிக் கடற்கரையில் எடுத்ததிலும் மறுநாள் கோணேசர் கோயிலில் எடுத்ததிலும் நாலைந்துதான் தேறும். அதுவரை யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம்.

24 மெகாபிக்சல் கமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பு ஏறக்குறைய 10 மெகாபைட் (எம்பி)தான். ஆனால் திரையில் காட்ட அதை விரிக்கும்போது, பிக்சலுக்கு 3 பைட் வீதம், 72 எம்பி நினைவகம் வேண்டும். படம் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் இதைக் கெட்டித்தனமாகச் சமாளிக்கின்றன. நீங்கள் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை விரித்து வைத்துவிடும். கமரா பதிந்த மூலத் தரவை வைத்திருக்கும் ரோ கோப்பென்றால், கமரா அதற்குள்ளேயே வைத்திருக்கும் ஜேபெக் முன்தோற்றத்தை எடுத்துக் காட்டும்.

வீட்டுக்கு நான் சொல்வது இர்ஃபான்வியூ அல்லது ஃபாஸ்ட்ஸ்டோன். இர்ஃபான்வியூ, பொஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்ஜான் 1996இல் வெளியிட்டது; பழைய கணினியிலும் சிரமமில்லாமல் ஓடும். அப்பிளின் மக் கணினி வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்என்வியூ எம்பி (XnView MP) இருக்கிறது. இம்மூன்றும் வீட்டுப் பாவனைக்கு இலவசம். ஸ்டூடியோ நடத்துபவர் என்றால் உரிமம் வாங்க வேண்டும். வாங்க மனமில்லாதவர் டிஜிகாமுக்குப் போகலாம். அது திறந்த மூல மென்பொருள், தொழிலுக்கும் இலவசம். கூகிளின் பழைய படம் பார்க்கும் மென்பொருளான பிக்காசாவை இன்னும் விடாதவர்கள் சிலர் உண்டு. நிறுவனமே அதை 2016இல் கைவிட்டுவிட்டது. அதில் நீங்கள் செய்த திருத்தங்கள் பல, போல்டருக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு கோப்பில் இருக்கின்றன. படங்களை மட்டும் கொப்பி செய்தால் அவை கூட வரா.

இர்ஃபான்வியூவில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த படம், பேக்ஸ்பேஸ் தட்டினால் முந்தையது. பிடித்த படத்தில் எஃப்8 அழுத்துங்கள். எங்கே கொப்பி செய்வது என்று கேட்கும். ‘அல்பம்’ என்று ஒரு போல்டரைப் புதிதாக உருவாக்கி வைத்து அதைக் காட்டினால் போதும். கோப்பின் பெயர் மாறாது. அந்தப் போல்டரை அப்படியே கொண்டுவந்து தந்தால் எங்களுக்கு அரைநாள் வேலை மிச்சம். ஒன்றைக் கவனியுங்கள்: பக்கத்தில் இருக்கும் எஃப்7 கொப்பி செய்யாது, படத்தை இடம் மாற்றிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து டிலீட் பொத்தான். கணினியின் வன்தட்டில் அழித்தது ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். பென் டிரைவிலோ மெமரி சிப்பிலோ அழித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே எல்லாவற்றையும் முதலில் கணினிக்குக் கொப்பி செய்துவிட்டு, பென் டிரைவைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். தெரிவு வேலை முழுவதும் கொப்பியில்தான் நடக்க வேண்டும். தப்பித்தவறி சிப்பில் அழித்துவிட்டால், அதில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம், மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரைக்கும். 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனதில் இந்தக் கரையில் கலியாணப் படம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகள் உண்டு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு கொப்பி அங்கே இருக்கட்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

படுத்துக் கிடக்கும் படத்தை நிமிர்த்துவதிலும் விஷயம் இருக்கிறது. இர்ஃபான்வியூவில் ஆர் தட்டித் திருப்பி, எஸ் தட்டிச் சேமித்தால், ஜேபெக் மறுபடி சுருக்கப்பட்டுத் தரம் கொஞ்சம் போய்விடும். ஷிஃப்டும் ஜேயும் அழுத்தி வரும் தரமிழக்காத சுழற்சியைப் பயன்படுத்துங்கள். அது படத்தை 8 அல்லது 16 பிக்சல் கட்டங்களாக அப்படியே இடம் மாற்றுகிறது. 6000க்கு 4000 அளவுள்ள படங்கள் 16ஆல் மீதமின்றி வகுபடுவதால் ஓரமும் வெட்டுப்படாது.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். ரோ கோப்பை வேகமாகப் பார்க்கையில் நீங்கள் காண்பது கமரா தயாரித்த ஜேபெக்கை. நிலாவெளி வெயிலில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெளுத்துப்போய்த் தெரிந்தாலும் ரோவுக்குள் மடிப்புகள் இருக்கக்கூடும். சில கமராக்களில் அந்த முன்தோற்றம் முழு அளவிலும் இருக்காது. பெருப்பித்துப் பார்த்தால் கூர்மையான படமும் மங்கலாகத் தெரியும். அதை நம்பிப் படத்தைக் கழித்துவிடாதீர்கள். ரோவின் உண்மைத் தரவையே காட்டும் ஃபாஸ்ட்ரோவியூவர், விலை கொடுத்து வாங்கத் தக்கது.

எதுவானாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றுக்குக்கூடக் கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி, தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஸ்டொப் டிஜாவு என்ற பணயத் தீநிரல் பரவிய முக்கிய வழியே இந்தக் கிராக்குகள்தான். படங்களைப் பூட்டி, பெயருக்குப் பின்னால் புரியாத நாலெழுத்தை ஒட்டிவிட்டுக் காசு கேட்கும்.

கடைசியாக, கனடாவிலிருந்து வந்த மச்சானின் கமரா. அதன் மணிக்கூடு ரொறன்ரோ நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஓகஸ்ட் மாதத்தில் எங்களுக்கு 9 மணி 30 நிமிடம் பின்னால். இரண்டு கமராப் படங்களையும் ஒரே போல்டரில் போட்டு, எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தினால் ஆரத்திக்குப் பிறகு அலங்காரம் வரும். ஃபாஸ்ட்ஸ்டோனிலும் எக்ஸ்என்வியூ எம்பியிலும் நேரத்தை மொத்தமாக நகர்த்தலாம். எவ்வளவு நகர்த்துவது என்று அறிய, தாலி கட்டும் படத்தை இரண்டு கமராவிலும் தேடி எடுங்கள். அந்தக் கணத்தை ஒருவரும் தவறவிட்டிருக்க மாட்டார்கள். இரண்டின் நேரத்தையும் கழித்து வரும் வித்தியாசத்தை மச்சானின் படங்களுக்கு மட்டும் கூட்டுங்கள்.