மறுகா எப்ப வருவீங்க?

2011 ஜனவரி வெள்ளம் வடிந்த கையோடு, நாங்கள் ஐந்து பேர் மட்டக்களப்பு மாவட்டத்துக் குருமண்வெளியில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்குப் போனோம். மடியில் ஐஸ் பெட்டி, பைக்குள் கொதிநீராவியில் கிருமி நீக்கிய போத்தல்கள். நான் அப்போது நீர் இரசாயனத்தில் பட்டப்பின் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஊர்க் கிணறுகளைச் சோதித்துக் கொடுப்போம் என்பது என்னுடைய யோசனைதான். அதனால் தலைவர் பதவியும் எனக்கே வந்து சேர்ந்தது. மற்ற நால்வரும் எனக்கு இளையவர்கள்.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தோம். கிருமி பார்க்கிற மாதிரியைக் குளிரில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். பிந்தினால் போத்தலுக்குள்ளேயே எண்ணிக்கை மாறிவிடும். அதற்காகக் கடைசிப் பாதையைப் பிடிக்க ஓடிய ஓட்டம் இன்னும் நினைவிருக்கிறது. குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈ.கோலி பற்றீரியாகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலக்கழிவு எங்கோ கலக்கிறது என்று பொருள். வெள்ளத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீருக்குள் கிடந்த ஊரில் அது இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

பிழை அதற்குப் பிறகு நடந்தது. முடிவுகளைப் பட்டியலாக்கி, வீட்டுக்காரர் பெயரோடு, ‘நல்லது’, ‘கூடாது’ என்று எழுதிப் பல்நோக்கு மண்டபச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தோம். ஒளிவுமறைவு இல்லாமல் செய்கிறோம் என்ற பெருமை வேறு.

‘கூடாது’ என்று வந்த ஒரு வீட்டில் ஓர் அம்மா இடியப்பம் அவித்து விற்றுவந்தார். அடுத்த நாளே வாங்க ஆள் இல்லை. நான் போனபோது அவர் ஏசவில்லை. “ஒருக்கா பார்த்துட்டு ஊருக்கே சொல்லிட்டீங்க மனே, மறுகா எப்ப வருவீங்க?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது தடவை போவது பற்றி நாங்கள் பேசியிருக்கவே இல்லை.

பெப்ரவரியில் திரும்பவும் வெள்ளம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாவின் ‘கூடாது’வைவிட மற்ற வீடுகளின் ‘நல்லது’தான் ஆபத்தானது. சுவரில் காகிதம் அப்படியே இருந்தது, கிணறுகளுக்குள் தண்ணீர் மாறிவிட்டது. பல்கலைக்கழகப் பிள்ளைகளே சொன்னதுதானே என்று கொதிக்க வைக்காமல் குடித்தவர்கள் இருந்தார்கள். ஒரு மாதிரி, ஒரு நாளின் தண்ணீரைத்தான் சொல்லும். ஆய்வுகூடத்தில் ஒன்றை மூன்று தரம் செய்யாமல் நம்ப மாட்டோம். ஊருக்குப் போனதும் அந்தப் பழக்கத்தை எங்கே விட்டோமோ தெரியாது.

அப்புறம் அந்தப் பட்டியலை நானே கிழித்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனோம். முதலில் போயிருக்க வேண்டிய இடம் அது. கிணற்றை இறைத்து, தண்ணீரின் அளவு பார்த்து, அவர் சொன்னபடி குளோரீன் இட்டோம். முடிவை வீடு வீடாகப் போய், வீட்டுக்காரரிடம் மட்டும், என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அந்த அம்மாவின் கிணறு அடுத்த சோதனையில் நன்றாகவே வந்தது. அதைக் கேட்க ஊர் கூடவில்லை. வியாபாரம் பழையபடி வரப் பல மாதம் ஆயிற்று.

தலைமை என்றால் முன்னுக்கு நின்று பேசுவது என்று நினைத்திருந்தேன். நாங்கள் இரண்டு வாரமாகத் திரட்ட முடியாத வீடுகளை மாதர் சங்கத் தலைவி ஒரு பின்னேரத்தில் திரட்டினார். போத்தலின் வாயில் விரல் படாமல் அதை மூடுவது எப்படி என்று சங்கத்துப் பெண்களுக்குக் காட்டிக்கொடுத்தோம். பிறகு மாதிரியை அவர்களே எடுத்தார்கள். எனக்கு மிஞ்சியது போத்தல் கணக்கு, பயணச் செலவுக் கணக்கு, வராத தம்பிக்குப் போன் அடிப்பது. இந்த வேலையை யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள்.

இப்போது எனது வேலையே தண்ணீர்ச் சோதனைதான். தொண்டு செய்ய ஆசைப்பட்டு வரும் ஆய்வு மாணவர்களிடம் சில விஷயங்களைக் கறாராகவே சொல்வேன். மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம். ஆய்வுகூட இரசாயனத்தைக் கேட்காமல் எடுக்க வேண்டாம், நல்ல காரியமாக இருந்தாலும்தான். ஊரில் எடுத்த தரவை ஆய்வேட்டில் போடும் எண்ணம் இருந்தால் அறநெறிக் குழுவின் அனுமதியும் வீட்டுக்காரரின் சம்மதமும் முதலிலேயே வேண்டும். எடுத்துவிட்டுப் பிறகு கேட்பது சரி வராது. நம் மாவட்டத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் போய்த் திரும்பினால் போகாத ஊரிலும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழக வேண்டும். “கொதிக்க வச்சாச் சரிதானே?” என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். கிருமிக்குச் சரி. வயலுக்குப் போடும் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றுக்குச் சரி வராது. தண்ணீர் ஆவியாக ஆக அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைப்பது கூடாது. நைத்திரேற்று பார்க்காமல் கிருமி மட்டும் பார்த்தவர், தான் பார்த்தது இவ்வளவுதான் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

போன கிழமை ஒரு மாணவி திட்டத்தோடு வந்தார். நவம்பரில் எந்த ஊர், எத்தனை கிணறு, யார் யார் வருகிறார்கள், எல்லாம் எழுதியிருந்தது. மறுகா எப்ப போவீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பேனையை வாங்கி, கீழே ‘பெப்ரவரி முதல் சனி’ என்று எழுதினார்.