கூரையில் சோலார்: மத்தியானத்தில் வீட்டில் என்ன ஓடுகிறது?

சோலாருக்குப் போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வெயிலுக்குக் குறைவில்லை. மத்தியானத்தில் வீட்டில் என்ன ஓடுகிறது என்பதுதான் கணக்கை மாற்றுகிறது.

சிலிக்கான் தகட்டில் ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் நகர்ந்து நேர்மின்னோட்டம் பிறக்கிறது. இன்வர்ட்டர் அதை மாறுமின்னோட்டமாக்குகிறது. அந்த மின்சாரத்தை முதலில் வீடு எடுத்துக்கொள்ளும். மிச்சம் மீட்டர் வழியாக, மின்சார நிறுவனமான தெனாகாவின் கம்பிக்குப் போகும்.

2025 ஜூலையில் வந்த கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட் சுமார் 44 சென். அதில் மின்சாரத்தின் விலை 27 சென். மீதி, மின்நிலையத்துக்கும் கம்பிக்குமான கட்டணம். நம் கூரை மின்சாரத்தை நாமே பயன்படுத்தினால் 44 சென்னும் மிச்சம். வெளியே அனுப்பினால், கூரை சோலாருக்காக 2026இல் தொடங்கிய சோலார் அத்தாப் திட்டத்தில் அந்த 27 சென் மட்டுமே பில்லில் கழியும். மாத முடிவில் எஞ்சும் வரவு அடுத்த மாதத்துக்கு வராது. அதனால் தேவைக்கு மேல் பெரிதாகப் போடுவது வீண் செலவு.

5 கிலோவாட் அமைப்பு மாதம் 500 யூனிட் தரும், விலை 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் வீட்டிலேயே செலவானால் மாதம் 220 வெள்ளி மிச்சம். ஏழரை வருஷத்தில் பணம் திரும்பும். முழுவதும் வெளியே போனால் 135 வெள்ளிதான். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். பலகாரம் செய்து விற்கும் வீட்டுக்கும், தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பகலில் ஏர்கோன் போட்டிருக்கும் வீட்டுக்கும் சோலார் நன்றாகக் கட்டுப்படியாகும். எல்லாரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் சிறிய அமைப்பே போதும். துணி துவைப்பதையாவது டைமர் வைத்து மத்தியானத்துக்கு மாற்றலாம்.

கூரை எந்தத் திசை பார்த்தாலும் பெரிய நஷ்டமில்லை. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது. நிழல்தான் எதிரி. பல அமைப்புகளில் தகடுகள் வரிசையாக இணைக்கப்படுவதால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்றின்மேல் விழுந்தாலும் மற்றவையும் பாதிக்கப்படலாம். சூடும் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும்; தகடு 60 டிகிரியைத் தொட்டால் 12 சதவீதம் போய்விடும். அதனால்தான் ஓட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுகிறார்கள்.

அப்புறம் ஒன்று: பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, மின்தடை வந்தால் தானே நின்றுவிடும், நல்ல வெயில் அடித்தாலும். கம்பியைப் பழுதுபார்ப்பவர்மேல் மின்சாரம் பாயாமலிருக்க இன்வர்ட்டரில் வைத்த பாதுகாப்பு அது.