ஜேசிபிக்கு முகம் கிடையாது

கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை, அதனால் இப்படியே எழுதிவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில், நான் பொறியாளராக நின்று கட்டும் ஒரு வீட்டு வேலை. அப்பா வளைகுடாவில். இங்கே அம்மா, பாட்டா (எங்கள் ஊரில் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்), நாலு வயதுப் பையன். அன்று செப்டிக் டேங்குக்குக் குழி எடுக்க ஜேசிபி வந்திருந்தது. நான் பைக்கை ஓரம் கட்டும்போது பார்த்தேன். அம்மா கையில் போன், போனில் அப்பா. குழி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார். பாட்டா செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து தோண்டுவதை ரசித்துக்கொண்டிருந்தார். பையன் மட்டும் அவர்கள் பக்கத்தில் இல்லை. தலையில் மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பியோடு, வண்டியின் முன்பக்கம் தரையில் ஊன்றியிருந்த பெரிய பக்கெட்டுக்குள் உட்கார்ந்திருந்தான்.

ஆப்பரேட்டர் பின்பக்கம் தோண்டி முடித்துவிட்டு சீட்டை முன்னால் திருப்பினார். அடுத்து அவர் செய்யப்போவது முன் பக்கெட்டைத் தூக்குவது. நான் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கையாள் வேலைக்கு வந்திருந்த ஒரு அக்கா மண் அள்ளிய சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி, வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கி நின்றார். ஆப்பரேட்டர் லீவரிலிருந்து கையை எடுத்தார். அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை.

இறங்கி வந்த பையன் அழவில்லை. “நான் ஸ்கூப்புகிட்ட பேசிட்டிருந்தேன்” என்றான்.

இந்த ஒரு வருடத்தில் என் வேலைகளில் இது மூன்றாவது. முதல் தடவை ஒரு பெண்குழந்தை, பின்சக்கரத்துக்கு நிழலில் விளையாடிக்கொண்டிருந்தது. இரண்டாவது, தோண்டும்போது வண்டி ஆடாமல் தரையில் ஊன்றும் ஸ்டெபிலைசர் கால் இறங்கும் இடத்தில் செருப்பை விட்டுவிட்டு அதை எடுக்கத் திரும்பி ஓடிய பையன். அவனுக்குப் பெருவிரல் நகம் போனது. வீட்டார் அதைக் குலதெய்வத்தின் அருள் என்றார்கள். அருள்தான். ஆனால் அடுத்த தடவையும் அவரே வந்து நிற்பாரா?

ஸ்கூப் யாரென்று வீட்டில் சின்னப் பிள்ளை இல்லாதவர்களுக்குத் தெரியாது. ‘பாப் தி பில்டர்’ என்ற இங்கிலாந்துக் கார்ட்டூனில் வரும் மஞ்சள் ஜேசிபி. கீத் சாப்மன் உருவாக்கியது, 1999-இல் பிபிசியில் தொடங்கியது. அப்போது பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்தார்கள். 2015-இல் கம்ப்யூட்டர் வரைகலையில் புதிதாக எடுத்தார்கள். பாப் ஒரு கட்டடக்காரர், வெண்டி அவருடைய கூட்டாளி. மக் மண் அள்ளும், டிஸ்ஸி கலவை போடும், ரோலி சாலை உருட்டும், லாஃப்டி ஒரு நீலக் கிரேன். இவற்றுக்கெல்லாம் கண்ணும் வாயும் உண்டு, பேசும், சிரிக்கும், பயப்படும். இதே சாப்மன்தான் பிறகு ‘பா பட்ரோல்’ உருவாக்கினார். அதிலும் மஞ்சள் வண்டி வைத்திருக்கும் ஒரு நாய்க்குட்டி உண்டு. இப்போதைய பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம் தெரியும்.

சம்பவத்துக்குப் பிறகு அந்த அம்மா அழுதுகொண்டே, “இனி அந்தக் கார்ட்டூனைப் போடவே மாட்டேன் சாரே” என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. கார்ட்டூன் என்ன செய்தது? என் மகளும் அதைப் பார்த்து வளர்ந்தவள்தான். நானும் கூட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், தொழில்காரன் கண்ணோடு. அந்தப் பாப் ஹெல்மெட் போடுகிறார், நம் ஊரில் வார்ப்பு வேலைக்கு ஏறும் பத்துப் பேரில் ஒருவர் போட்டால் அதிசயம். வேலை தொடங்குமுன் எல்லோரும் கூடிப் பேசுகிறார்கள், யார் எதைச் செய்வது என்று முடிவாகிறது. முடியுமா என்று பாப் கேட்டதும் எல்லா வண்டிகளும் முடியும் என்று கத்த, லாஃப்டி மட்டும் கடைசியில் முடியும்னுதான் நினைக்கிறேன் என்று இழுக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னைக் கேட்டால், அந்த ஐந்து பேரில் நான் வேலைக்கு எடுப்பது லாஃப்டியைத்தான். தயங்கி, ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் செய்கிறவன் கையில்தான் கிரேன் இருக்க வேண்டும்.

கார்ட்டூனில் உள்ளது வேறு, சைட்டில் உள்ளது வேறு என்று பிரித்துப் பார்க்க நாலு வயதுக்குத் தெரியாது. நாமும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளை தடுக்கி விழுந்தால் தரையை இரண்டு தட்டுத் தட்டி, “எம் பிள்ளையையா தள்ளிவிட்ட?” என்று கேட்கிற ஊர் நம்முடையது. ஆயுத பூஜைக்கு ஜேசிபிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போடுகிறோம். சில வண்டிகளின் நெற்றியில் திருஷ்டிக்கு இரண்டு பெரிய கண்களும் வரைந்திருக்கும். பிறகு அந்தப் பையன் அதோடு பேசாமல் என்ன செய்வான்? சைட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்த திருஷ்டிப் பொம்மையைக் காட்டி, அது ‘ஸ்பட்’ என்றான். அந்தத் தொடரில் குறும்பு செய்து வேலையைக் கெடுக்கும் சோளக்கொல்லைப் பொம்மையின் பெயர் அது.

சரி, பாட்டாவிடம் வருகிறேன். “ஏன் பிள்ளையைப் பக்கத்தில் விட்டீங்க?” என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது: “அவனுக்க ஸ்கூப்பு இதுதானாம், ஆசைப்பட்டான். ஆப்பரேட்டர் பாத்துக்கிடுவான்லா.”

ஆப்பரேட்டர் பாத்துக்கிடுவான். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. படித்தவர், படிக்காதவர், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜேசிபிக்கு இரண்டு முனை. முன்னால் மண்ணை அள்ளித் தள்ளும் அகலமான பக்கெட், பின்னால் தோண்டும் கை. தோண்டும்போது ஆப்பரேட்டர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருவார். அதாவது, குழந்தை எதை வண்டியின் முகம் என்று நினைக்கிறதோ, அது அந்த நேரத்தில் ஆப்பரேட்டரின் முதுகுப்பக்கம். ஹெட்லைட்டும் கிரில்லும் இருக்கிற பக்கம் போய், கண்ணுக்குக் கண் பார்த்து நிற்கிறோம் என்று பிள்ளை நினைக்கிறது. அங்கே பார்க்கிறவர் யாருமே இல்லை. அவர் திரும்பி உட்கார்ந்தாலும் முன் பக்கெட் தரையில் இருக்கும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்பது சீட்டிலிருந்து சரியாகத் தெரியாது. பின்சக்கரம் நாலு வயதுப் பிள்ளையைவிட உயரம். அதை ஒட்டி நிற்கும் குழந்தை மேலே இருப்பவருக்கு இல்லாத குழந்தைதான். கண்ணாடி இருக்கிறதே என்பார்கள். கண்ணாடி தூரத்தைக் காட்டும், சக்கரத்தின் அடியைக் காட்டாது. ரிவர்ஸ் அலாரம் இருக்கிறதே என்பார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அது ஊமை. நன்றாகவே அடித்தாலும், ‘பீப் பீப்’ சத்தம் பிள்ளைகளை விரட்டாது, கூப்பிடும்.

பாட்டாவுக்கு இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. எஞ்சினை அணைக்கச் சொல்லி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு, அவரைச் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தேன். பின்சக்கரத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்தேன். கிட்டத்தட்ட பையன் உயரம். “நாற்காலி எங்க இருக்கு, சொல்லுங்க” என்றேன். இந்தப் பக்கம் எட்டினார், அந்தப் பக்கம் எட்டினார். “நீரு அதை எடுத்துட்டுப் போயாச்சா?” என்றார். இறங்கி வந்து நாற்காலியைப் பார்த்த பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. இனி புது வேலை தொடங்கும் எல்லா வீட்டிலும் இந்த நாற்காலி வித்தையைச் செய்வேன். உங்கள் பொறியாளரிடம் கேட்டால் அவரும் செய்துகாட்டுவார்.

இதில் ஆப்பரேட்டர்களை நான் குறை சொல்லவில்லை. மணிக்கணக்கு வாடகை; மீட்டர் ஓடுகிறது என்று வீட்டுக்காரர் நின்று விரட்டுகிறார். கூட ஒரு ஹெல்பர் இருந்தால் அவன்தான் ஆப்பரேட்டருக்குக் கீழே இருக்கும் கண். அந்த ஒருநாள் சம்பளத்தை மிச்சம்பிடிக்கத்தான் நாம் முதலில் பார்ப்போம். அந்தக் கார்ட்டூன் கூட்டு வேலையைச் சொல்கிறது என்று பெருமையாகப் பிள்ளைக்குப் போட்டுக்காட்டுகிறோமே, கூட்டு வேலை என்றால் இதுதான்: ஓட்டுபவர் ஒருவர், தரையில் நின்று கை காட்டுபவர் ஒருவர். கை காட்டுபவர் நிறுத்து என்றால் வண்டி நின்றாக வேண்டும், வீட்டுக்காரர் சொன்னாலும் நகரக்கூடாது. அன்று அந்த அக்கா செய்ததும் அந்த வேலைதான், சம்பளம் இல்லாமல்.

எடை பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ஜேசிபி ஏறத்தாழ ஏழரை டன். பின் கை பதினைந்து அடிக்கு மேல் எட்டும், இடதும் வலதுமாக அரைவட்டம் சுற்றும். ஆகவே வண்டி ஓடும்போது முப்பது அடிக்குள் பிள்ளை வரக்கூடாது. இருபத்தொன்பதும் கூடாது. மடியில் உட்காரவைத்து ஒரு போட்டோ, பிறந்தநாளுக்கு ஒரு ரவுண்டு என்று கேட்காதீர்கள். லீவரில் பிள்ளையின் முழங்கை பட்டால் போதும். ஜேசிபி தோண்டுவதைப் பார்க்க இந்தியாவே கூட்டம் கூடும் என்று 2019-இல் மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். பாருங்கள், வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.

வண்டி போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்கவும் வேண்டாம். நம் மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தோண்டிப் போட்ட குழி வருடத்தில் இரண்டு தடவை நிரம்பும், செம்மண் தண்ணீரில் ஆழம் தெரியாது. குழியின் ஓரம் ஊறியிருந்தால் பெரியவர் நின்றாலே சரியும். ஒரு கன மீட்டர் ஈரமண் இரண்டு டன்னை நெருங்கும், கையால் தோண்டி எடுத்துவிட முடியாது. சம்ப்பை மெல்லிய பலகை போட்டு மூடி அதன்மேல் மணல் கொட்டி வைப்பவர்களை என்ன சொல்வது? திறந்தே இருந்தால்கூடப் பிள்ளை குழி என்று பார்க்கும், இது தரை மாதிரி அல்லவா இருக்கிறது! இரும்பு மூடி போடுங்கள், முடியாவிட்டால் மேலே பாரம் ஏற்றிய தடித்த பலகை போடுங்கள், சுற்றிலும் வேலி கட்டுங்கள். தென்னங்கீற்றில் கட்டினாலும் போதும், பிள்ளை நுழையும் சந்து இருக்கக்கூடாது.

கலவை மண் அல்ல. டிஸ்ஸி மாதிரி கலக்கறேன் என்று ஈர சிமெண்டில் கையை விட்டுக் குழைத்தால் தோல் வெந்துவிடும், அதுவும் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தயவுசெய்து தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பெருமையை வேறு இடத்தில் பேசிக்கொள்ளலாம். மஞ்சள் பொம்மைத் தொப்பி ஹெல்மெட் அல்ல, முதல் மாடியிலிருந்து விழும் செங்கல்லுக்கு அது ஒரு காகிதம்.

கையாள் வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகள் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்காரர் பிள்ளையை உள்ளே போகச் சொல்லலாம். இவர்கள் பிள்ளைக்கு உள்ளே என்று ஒரு இடமே கிடையாது, சேலைத் தொட்டில் கட்டுவதும் சைட்டில்தான். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டு கட்டடத் தொழிலாளர் சட்டம், 2025-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வரும்வரை, சொல்லிவந்தது. நாலு பேர் வேலை செய்யும் வீட்டு சைட்டுக்கு அது பொருந்தியதில்லை. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: ஜேசிபி வரும் நாளிலும் கான்கிரீட் நாளிலுமாவது, உங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் அந்தப் பிள்ளைகளையும் இருத்துங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பார்க்கும் கார்ட்டூனையே அவர்களுக்கும் போட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை வளைகுடாவிலிருந்து அப்பா கூப்பிட்டார். பையன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம், ஸ்கூப்பைப் பார்க்க வேண்டுமாம். வேலை முடிந்த பிறகு கூட்டிவரச் சொன்னேன். பக்கெட் இரண்டும் தரையில், எஞ்சின் அணைந்தது, சாவி என் பையில். பையன் முன்பக்கம் போய்க் கிரில்லைத் தடவிப் பார்த்தான். “கண்ணு எங்க?” என்று கேட்டான். ஆப்பரேட்டர் குனிந்து தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். “இதுக்குக் கண்ணு நான்தான் மக்களே. நான் அந்தாண்ட திரும்பிட்டா இதுக்கு ஒண்ணும் தெரியாது, நீ நிக்கிறதும் தெரியாது.” பையனுக்கு ஏமாற்றம். வண்டியை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாட்டா கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த வாரம் அஸ்திவாரக் கான்கிரீட். கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கியாயிற்று. சாவி பாட்டாவிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது.