பாட்டிக்கு ஆட்டம் தெரியும், உங்கள் பொத்தான்தான் தெரியவில்லை

போன வாரம் ஒரு பல்லாங்குழிச் செயலியைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மொபைல் கேம் வடிவமைப்புதான் என் பிழைப்பு என்பதால் இப்படி அடிக்கடி கூப்பிடுவார்கள். ஆட வந்தவர் 74 வயது அம்மா. குழியில் விரல் வைத்து முத்தை இழுத்தார். பாதி வழியில் அது நழுவிப் பழைய குழிக்கே ஓடிவிட்டது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு இழுத்தார், மறுபடி ஓடியது. மூன்றாம் தடவை, நோட்டு எண்ணுகிறவர் போல விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு இழுத்தார். முத்து நின்றது. "நான் ஏதாவது தப்பா பண்றேனாப்பா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த தயாரிப்பாளர் எழுதிக்கொண்டது: "ஆட்டத்தை இன்னும் ஈஸியாக்க வேண்டும்."

இதை எத்தனை தடவைதான் கேட்பது! அதே அம்மா, செயலி எண்ணி முடிப்பதற்குள் "நாலாவது குழியில பசு விழும் பாரு" என்றார், அதேபோல நாலு முத்து சேர்ந்து பசு விழுந்தது. மூன்று ஆட்டம் ஜெயித்த பிறகு, "இது என்னப்பா, வேணும்னே தோக்குது" என்று உதட்டைப் பிதுக்கினார். ஐம்பது வருஷம் தாயமும் ரம்மியும் ஆடியவர்களிடம் கண்சிமிட்டும் கரடிக்குட்டியைக் காட்டி, ஒவ்வொரு தொடுதலுக்கும் "சூப்பர்!" என்று கைதட்டினால் அவர்களுக்கு என்ன தோன்றும்? திட்ட மாட்டார்கள். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைப்பார்கள், அப்புறம் திறக்கவே மாட்டார்கள். அந்த "நல்லா இருக்கு"வை வெற்றி என்று அறிக்கையில் எழுதுகிற ஆட்களை எனக்குத் தெரியும். ஆட்டத்தில் சிக்கல் இருக்கட்டும் ஐயா, அது இல்லாமல் யார் உட்கார்ந்து ஆடுவார்கள்? விரலுக்கும் கண்ணுக்கும் கொடுக்கிற சிக்கலைத்தான் எடுக்கச் சொல்கிறேன்.

வயதானால் விரல் நுனி காய்ந்துபோகும், தொடுதிரை அதைச் சரியாக உணராது. இழுப்பதை விட்டுவிட்டு, இந்தக் குழியைத் தொடு, முத்துகள் தானாகப் போகட்டும் என்று வையுங்கள். ஆண்ட்ராய்டு சொல்கிற 48 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர், பொத்தானுக்குக் குறைந்தபட்ச அளவு. அதையே இலக்காக வைக்காதீர்கள். யோசிக்க 10 விநாடிதான் என்று ஓடுகிற கடிகாரத்தைத் தூக்கி எறியுங்கள்.

"எழுத்தைப் பெரிசாக்கிக்கலாம் சார், போன்லயே செட்டிங் இருக்கே" என்பார்கள். யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்த கேம் தன் எழுத்தைத் தானே வரைந்துகொள்கிறது. நீங்களாக ஏற்பாடு செய்யாவிட்டால் போனில் என்ன மாற்றினாலும் அங்கே எட்டாது. தமிழில் இன்னொரு வம்பு: மெலிந்த எழுத்துருவில் புள்ளி காணாமல் போகும், 'ட்' எது 'ட' எது என்று யாருக்கும் தெரியாது. சாம்பல் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம், எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வெளிச்ச வேறுபாடாவது இருக்க வேண்டும். வயதில் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், நீலமும் பச்சையும் குழம்பும். எந்தக் காய் யாருடையது என்பதை நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள்.

"மறதி வராது" என்று விளம்பரத்தில் எழுத நினைக்கிறவர்கள் மூளைப் பயிற்சிச் செயலி லுமாசிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஆதாரமில்லாத வாக்குறுதிகளுக்காக, அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்கில் 2016 ஜனவரியில் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆட்டத்துக்குள் வரும் விளம்பரத்தைப் பற்றிக் கெஞ்சித்தான் கேட்கிறேன். கடுகளவு பெருக்கல் குறியைத் தேடி அந்த அம்மா எதையோ அமுக்க, போனில் ஒரு கடன் செயலி இறங்கத் தொடங்கியது. முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. ஆட்டத்தின் நடுவில் விளம்பரம் போடாதீர்கள், மூடும் பொத்தானை ஒளிக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை. அம்மா அப்பா போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். அணுகல்தன்மை அமைப்புக்குள் போய், 'தொட்டுப் பிடித்தல்' நேரத்தைக் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.