பதினெட்டு வயதில் சீனியர் அணி: இளம் ஹாக்கி வீரரின் உடல் தாங்குமா?

விளையாட்டு விடுதியில் சில ஆண்டுகள் தங்கிப் பயின்று, ஜூனியர் போட்டிகளில் பெயரெடுத்து, பதினெட்டு பத்தொன்பது வயதில் ரயில்வே போன்ற ஒரு துறை அணியிலோ லீக் அணியிலோ இடம் பிடிக்கிறான் ஒரு பையன். ஊரே மாலை போட்டு அனுப்பி வைக்கிறது. அடுத்த ஒன்றரை ஆண்டுதான் அவன் உடலுக்கு மிகக் கடினமான காலம். இளம் ஹாக்கி வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவராக இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. முதுகைப் பிடித்துக்கொண்டும் தொடையைப் பிடித்துக்கொண்டும் வருகிறவர்களில் இந்த வயதுக்காரர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். திறமையில் குறை இல்லாதவர்கள், பயிற்சிக்கு ஒரு நாள் தவறாதவர்கள். ஆட்டத்தின் வேகம் ஒரே தாவலில் கூடிவிட்டது. அவர்கள் உடல் அதற்கு இன்னும் தயாராகவில்லை.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் இந்திய சீனியர் அணிக்காகக் களமிறங்கினார்கள். கார்த்தி தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி வந்தது. 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இதையெல்லாம் பார்த்து மட்டையைக் கையில் எடுத்திருக்கும் பிள்ளைகள் தெற்கு மாவட்டங்களில் ஏராளம். அவர்களுடைய பெற்றோருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. அப்பாக்கள் மண் தரையில் ஆடிய ஹாக்கி இன்று இல்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. பந்து வரும் முன்பே எதிரணியின் கோல் அருகே போய் நிற்பதைத் தடுத்த ஆஃப்சைடு விதி 1990களில் போனது. எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டை எடுப்பவரே 2009இல் இருந்து பந்தை உருட்டிக்கொண்டு ஓடலாம் என்று விதி வந்தது. ஒவ்வொரு மாற்றமும் ஆட்டம் நிற்கும் நொடிகளைக் குறைத்தது. இப்போது 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஆளை மாற்றுவதற்குக் கணக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே வந்து உள்ளே போகலாம். அதனால் ஒரு முன்கள வீரர் ஐந்தாறு நிமிடம் முழு வேகத்தில் ஓடி, வெளியே வந்து மூச்சு வாங்கி, மறுபடி அதே வேகத்தில் இறங்குகிறார். பள்ளி அணியில் ஆட்டம் முழுவதும் ஒரே சீராக ஓடிப் பழகிய கால்களுக்கு இது வேறு வேலை. பாய்ந்து ஓடுவது, சட்டென்று நிற்பது, திரும்புவது, மறுபடி பாய்வது. தொடைத் தசை கிழிவது பெரும்பாலும் இந்தப் பாய்ச்சலில்தான். முழங்கால் திருகிக்கொள்வது அந்தத் திருப்பத்தில்.

அடுத்தது, ஹாக்கி ஆடும் உடலின் நிலை. மட்டையின் நீளம் அதிகபட்சம் 105 செ.மீ. ஆறடி உயரமுள்ளவரும் அதற்கேற்பக் குனிந்தே ஆக வேண்டும். மட்டையின் இடப் பக்கம் மட்டுமே தட்டையாக இருக்கும், அந்தப் பக்கத்தால் மட்டுமே பந்தை ஆடலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கென்று தனி மட்டை கிடையாது. எல்லோருமே பந்தை வலப்பக்கம் வைத்து, குனிந்து, ஒரே பக்கமாக முதுகைத் திருகி ஆடுகிறார்கள். பத்து வயதில் தொடங்கிய பிள்ளை பதினெட்டுக்குள் எத்தனை ஆயிரம் முறை அப்படித் திருகியிருக்கும்! இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகிப்போய், பின்தொடையும் பிட்டமும் வலுவிழந்து நிற்கும் பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன்.

வளரும் பருவம் இதோடு சேரும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது. ஆண் பிள்ளைகள் சுமார் பதின்மூன்று, பதினான்கு வயதிலும் பெண் பிள்ளைகள் அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பாகவும் மளமளவென்று உயர்கிறார்கள். உச்சத்தில் ஓர் ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரைகூடப் போகும். எலும்பு முதலில் நீள்கிறது. அதன் உறுதியும் தசையின் பலமும் பின்னால் வருகின்றன. அந்த இடைவெளியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை பந்தைத் தவறவிடும், கால் தடுக்கும். "கவனம் இல்லை" என்று மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது தவறு. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேடு வலிப்பதும் குதிகாலின் பின்புறம் வலிப்பதும் இந்தக் காலத்தில்தான். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் இழுப்பதால், இன்னும் இறுகாத எலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டில் ஏற்படும் வலி அது. ஓட்டத்தையும் தாவலையும் சில வாரம் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும், இந்தக் கட்டம் எப்போது வருகிறது என்று பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும். ஒரு டேப்பும் ஒரு சுவரும்தான் செலவு.

இன்னொரு அநியாயமும் இந்த வயதில் நடக்கிறது. பதினான்கு வயதுத் தேர்வில் சீக்கிரம் வளர்ந்தவன் தேர்வாகிவிடுகிறான். அதே திறமை உள்ள, மெதுவாக வளரும் பிள்ளை "சின்னப் பையன்" என்று திருப்பி அனுப்பப்படுகிறான். நான்கு ஆண்டுகளில் இருவரும் ஒரே உயரத்துக்கு வந்துவிடக் கூடும். அதற்குள் இரண்டாமவன் மட்டையை வைத்திருப்பானா?

சீனியர் நிலைக்குப் போகும்போது நான் மிகவும் அஞ்சுவது முதுகை. எதிரணி தன் கோல் அருகே விதி மீறும்போது கிடைக்கும் பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் எடுப்பவரைக் கவனித்துப் பாருங்கள். ஓடி வந்து, இடது காலை வெகுதூரம் முன்னே ஊன்றி, தரையோடு தரையாகக் குனிந்து, பந்தை மட்டையில் இழுத்து, இடுப்பையும் முதுகையும் முறுக்கி விடுவிக்கிறார். சிறந்த வீரர்களின் மட்டையிலிருந்து பந்து மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் பறக்கிறது. அந்த வேகம் முழுவதும் கீழ் முதுகு வழியாகத்தான் வருகிறது. அங்குள்ள முள்ளெலும்புகளின் பின்வளையம் இருபதுகளின் முற்பகுதி வரைகூட முழுமையாக இறுகாமல் இருக்கலாம். திரும்பத் திரும்பத் திருகும்போது அதில் மயிரிழை போன்ற அழுத்த விரிசல் விழுகிறது. கிரிக்கெட்டில் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வருவதும் இதே விரிசல்தான்.

ஒரு மாணவன் வந்தான். நல்ல டிராக் ஃப்ளிக்கர். புதிய அணியில் சேர்ந்ததும் காலையில் அணிப் பயிற்சி, மாலையில் தனியாகக் கார்னர் பயிற்சி என்று ஆகிவிட்டது. கீழ் முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலி. எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று சொல்லி, தைலமும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். என்னிடம் வந்தபோது அவனை இடது காலில் மட்டும் நிற்க வைத்து, மெல்லப் பின்னால் வளையச் சொன்னேன். பாதி வளைவதற்குள் முகம் சுருங்கியது. பெருவிரல் அளவே உள்ள ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். வலது காலில் நின்று வளைந்தபோது ஒன்றுமே இல்லை. அந்தச் சோதனை ஒன்றே முடிவாகிவிடாது என்றாலும், சந்தேகப்பட அது போதும். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது விரிசலின் தொடக்கம் தெரிந்தது. தொடக்க நிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். அவன் மூன்று மாதம் மட்டையைத் தொடவில்லை. அதன் பிறகு வயிற்று, முதுகு, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தி, குறைந்த எண்ணிக்கையில் ஃப்ளிக் தொடங்கி, மெல்ல ஏற்றினோம். இன்று ஆடுகிறான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று மாதமும் ஆடியிருந்தால் விரிசல் முழு முறிவாகியிருக்கக்கூடும்.

ஆகவே, கார்னர் எடுக்கும் பிள்ளை வாரத்துக்கு எத்தனை ஃப்ளிக் எடுக்கிறது என்று யாராவது எண்ண வேண்டும். கிரிக்கெட்டில் இளம் பந்துவீச்சாளர்களுக்கு ஓவர் கணக்கு வைக்கிறோம். ஹாக்கியில் அந்தப் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. வாரப் பயிற்சி நேரத்துக்கும் விளையாட்டு மருத்துவத்தில் ஓர் எளிய அளவு சொல்வார்கள்: வளரும் பிள்ளை ஒரே விளையாட்டில் வாரத்துக்குச் செலவிடும் மணி நேரம் தன் வயதைத் தாண்டக் கூடாது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பதினான்கு மணி நேரம். காலை இரண்டு மணி, மாலை இரண்டரை மணி என்று வாரத்தில் ஆறு நாள் ஓட்டும் இடங்களில் இது எங்கே போய் நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்நிலை அணிகளில் வீரர் ஓடும் தூரத்தையும் வேகத்தையும் முதுகில் கட்டிய ஜி.பி.எஸ். கருவியால் அளக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். பயிற்சி முடிந்ததும் "இன்று எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு, அந்த எண்ணை நிமிடக் கணக்கால் பெருக்கி எழுதி வைத்தால், ஒரு வாரத்தின் சுமை கிடைத்துவிடும். அந்த எண் திடீரென்று எகிறும் வாரங்களை அடுத்துத்தான் பெரும்பாலும் காயம் வருகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஓய்வெடுத்துவிட்டு நேராக முகாமுக்குப் போகும் பிள்ளைக்கு இது இன்னும் பொருந்தும்.

எடைப் பயிற்சி செய்தால் உயரம் நின்றுவிடும் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆதாரம் இல்லாத பயம் இது. பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே சொந்த உடல் எடையை வைத்துக் குந்தி எழுவது, ஒற்றைக் காலில் இறங்குவது, தண்டால் எடுப்பது என்று தொடங்கலாம்; தெரிந்தவர் மேற்பார்வையில் மெல்ல எடையை ஏற்றலாம். முழங்காலிட்டு, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெதுவாக முன்னே சாயும் பயிற்சி ஒன்று இருக்கிறது. கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில் அது பின்தொடைக் காயங்களை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. கருவி எதுவும் தேவை இல்லை, மைதானத்திலேயே செய்யலாம். அதைச் செய்யாமல் கை தசைகளை மட்டும் முறுக்கேற்றிக்கொள்வதில் ஹாக்கிக்கு எந்தப் பயனும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ பையனுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். மூன்று வேளையும் சோறும் குழம்பும் மட்டும் என்றால் கணக்கு நிறையாது. முட்டை, பயறு, சுண்டல், மத்தி மீன், தயிர் எல்லாம் தட்டில் வர வேண்டும். பயிற்சி முடிந்த கையோடு இரண்டு வாழைப்பழமும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் சாப்பிடுவது விலை உயர்ந்த பொட்டலங்களுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ தரும் புரதப் பொடி வேண்டவே வேண்டாம். அதில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னாலும் ஊக்கமருந்து விதிப்படி பொறுப்பு வீரருடையதுதான்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. மகளுக்குப் பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் மூன்று மாதம் வராமல் இருந்தால், "விளையாடுகிறவர்களுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்று உடல் தரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம். அப்படியே நீடித்தால் எலும்பு பலவீனமாகி அழுத்த விரிசல் வரலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் காரணமின்றிக் களைத்துப்போகும் பெண்ணுக்கு ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சத்தின் சேமிப்பு வற்றியிருக்கலாம்.

இவ்வளவும் தெரிந்தாலும் ஒரு தடை இருக்கிறது. பிள்ளைகள் வலியைச் சொல்வதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பம் கரையேறும் என்று தெரிந்த பையன், தேர்வுக்கு முந்தின வாரம் எப்படி வாய் திறப்பான்? ஹிந்தியும் ஆங்கிலமும் பேசும் முகாமில் பிசியோ "வலிக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டிவிடுவதுதான் எளிது. இதை நினைத்தால் எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. எந்த இடத்தில், எந்த அசைவில், எப்போதிருந்து என்று மூன்று விவரங்களைச் சொல்ல ஆங்கிலத்தில் பத்து வார்த்தை போதும். விடுதியிலேயே அதைப் பழக்கிவிடலாம். இந்திய அணியின் முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு 2017இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. மாதக்கணக்கில் ஆடவில்லை. டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்களும் அதற்குப் பிறகு வந்தவைதான். காயத்தைச் சொன்னால் எதிர்காலம் போய்விடும் என்று நம்பும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் முதுகு வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காலில் மரத்துப்போதல், விட்டுவிட்டு வீங்கும் முழங்கால். இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் வலி போகவில்லை என்றால் மறுபடி போய்க் கேளுங்கள். சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ கால் பலவீனம் கூடினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேர்வு நாளன்று வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுவிடுகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், சம்மதிக்காதீர்கள்.