அந்தச் செடி தண்ணீரை எங்கே வைத்திருக்கிறது?

"வெயில் தாங்கும்னுதானே சொன்னீங்க, அழுகிடுச்சே!" வறண்ட இடங்களில் தோட்டம் போட்டுக் கொடுக்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான். காய்ந்துபோனது என்று சொல்லி வருபவர்கள் குறைவு. அதனால் வினோதமான செடி எதையாவது படம் அனுப்பி "இது வைக்கலாமா" என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது தண்ணீரை எங்கே சேர்த்து வைக்கிறது?

அடினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதிகளிலிருந்து அரேபியா வரை தானாக வளரும் செடி. குடம்போல் பருத்திருக்கும் அடித்தண்டுதான் அதன் தண்ணீர்த் தொட்டி. குளிரோ வறட்சியோ வந்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும், அப்போது பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதைக் கொல்கிறார்கள். அந்தத் தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் சரி. முழுக்கச் சுருங்கி லேசாக அமுங்கினால் தாகம். ஒரே இடத்தில் மட்டும் விரல் உள்ளே போய், பழுப்பாக நீர் கசிந்து, ஒரு கெட்ட வாடையும் வந்தால் அழுகல். உடனே சுத்தமான கத்தியால், வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி எடுத்து, நிழலில் ஒரு வாரமாவது காயவிட்டு, புது மண்ணில் வையுங்கள். பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

மண் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தொட்டிக்கு அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லாரும் நம்புகிறோம், நானும் சில வருடங்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலே உள்ள மண் ஊறிப்போய் நிற்கும், வேர் இருப்பதோ அங்கேதான். கல்லை அடியில் போடுவதற்குப் பதில் பருமணலையும் உடைத்த செங்கல்லையும் மண் முழுக்கக் கலந்துவிடுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு.

செங்காந்தள் வேறு ரகம். அது கிழங்கில் வைத்துக்கொள்கிறது. பூத்து முடிந்ததும் கொடி காய்ந்து, மண்ணுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. ஒரு வீட்டில் அந்தத் தொட்டி 'காலி'யாகக் கிடக்கிறதே என்று மண்ணோடு குப்பையில் கொட்டிவிட்டார்கள். அடுத்த மழைக்கு முளைத்திருக்க வேண்டிய கிழங்குகள்! இப்போதெல்லாம் நான் வைக்கும் தொட்டியில் 'தூங்குகிறது' என்று ஒரு அட்டை குத்திவிட்டுத்தான் வருகிறேன்.

காகிதப்பூவும் மயில்கொன்றையும் இப்படிச் சேர்ப்பதில்லை, வேரை ஆழமாக இறக்கித் தேடிக்கொள்ளும். தினம் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எப்போதாவது ஒருமுறை, நிறைய ஊற்றுங்கள். காகிதப்பூவைக் கொஞ்சம் வாடவும் விடுங்கள், பூ அதிகம் வரும்.

அப்புறம், பாலைநிலத்தில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி அதைச் சும்மா விட்டுவைக்காது, பெரும்பாலும் முள்ளோ விஷமோ வைத்துக் காக்கும். அடினியத்தின் சாற்றை ஆப்பிரிக்காவில் அம்புமுனையில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். செங்காந்தள் கிழங்கில் இருக்கும் கோல்சிசின் என்ற விஷம் உயிரைப் பறிக்கக்கூடியது. நான் அதிகம் பயப்படுவது திருகுக்கள்ளிக்கு. என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் அதைக் கவாத்து செய்துவிட்டு, வியர்வையைத் துடைக்கிறேன் என்று புறங்கையால் கண்ணைத் தேய்த்துவிட்டார். முதலில் லேசான எரிச்சல்தான், சாயங்காலம் கண்ணையே திறக்க முடியவில்லை. கள்ளிப்பால் கருவிழியைப் புண்ணாக்கும், சில நாள் பார்வையே மங்கிப்போகலாம். பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, எரிச்சல் குறைந்தாலும் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். வெட்டும்போது கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் நான் இதை வைப்பதே இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஆனைக்கற்றாழை வைத்தே ஆகவேண்டும் என்றால் நடைபாதையிலிருந்து தள்ளி வைத்து, இலைநுனி முட்களை நறுக்கிவிடுங்கள்.

இன்னொரு சங்கடம், எதையும் தாங்கும் செடி வேலியையும் தாண்டும். ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன சப்பாத்திக்கள்ளி, 1920-களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேரில் பரவியிருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து 1926-ல் விட்ட பிறகுதான், அதன் புழுக்கள் கள்ளியைக் குடைந்து தின்று நிலத்தை மீட்டன. நன்றிக்கடனாக அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு அரங்கமே கட்டினார்கள்!

இப்போது தொட்டிகளில் அழகாக விற்கப்படும் மடகாஸ்கர் செடி ஒன்றும் இந்த வகைதான். ரணகள்ளிக்கு உறவு, குழல்போன்ற இலைகள், ஒவ்வொரு இலைநுனியிலும் கொத்தாகக் குட்டிகள். தொட்டாலே உதிரும், உதிர்ந்த இடத்தில் வேர்விடும், மாடு மேய்ந்தால் மாட்டுக்கு ஆபத்து. வாங்கப் போகும்போது அந்தத் தொட்டியை விட்டுவிட்டு, பக்கத்துத் தொட்டிகளைக் குனிந்து பாருங்கள். அங்கெல்லாம் அதன் குட்டிகள் முளைத்திருந்தால், நான் வெறுங்கையோடு திரும்பிவிடுவேன்.